ராத்திரி நாற்றத்துக்கு யாரிடம் போவது: வாரியமா, மாநகராட்சியா, பசுமைத் தீர்ப்பாயமா?

மணலிக்குக் கிழக்கே, திருவொற்றியூர் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் காற்று எப்போது திரும்பும் என்று வானிலை ஆய்வு மையம் சொல்லத் தேவையில்லை. மதியம் கடற்காற்று வந்துவிட்டால் தொல்லை இல்லை, ஜன்னலைத் திறந்துபோட்டு ஒரு குட்டித் தூக்கம் போடலாம். ராத்திரி காற்று தரையிலிருந்து கடலுக்குத் திரும்பும், அப்போது மணலியில் யார் எதைத் திறந்துவிட்டார்களோ அதெல்லாம் நம் கொசுவலைக்குள் வந்து படுத்துக்கொள்ளும்.

எங்கள் தெருவுக்கு இரண்டு நாற்றம். ஒன்று தெருக்கோடியில் இருந்த டிரம் கழுவும் ஷெட்டிலிருந்து. ரசாயனம் வந்த 200 லிட்டர் டிரம்களை வாங்கி, கழுவி, நசுங்கலைத் தட்டி, பெயின்ட் அடித்து விற்பார்கள். தின்னர் நெடி ஒரு பக்கம், மழைநீர் வடிகாலில் ஒரு நாள் நீலம் ஒரு நாள் காவி என்று ஓடும் தண்ணீர் இன்னொரு பக்கம். இரண்டாவது, விடியற்காலை மூன்று மணி வாக்கில் வரும் அழுகிய முட்டை நாற்றம். அது எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது, ஆளுக்கொரு ஆலையைக் கைகாட்டுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவே கூடிப் பேசியது. மாடி வீட்டு அக்கா 1100-க்குப் போன் போடலாம் என்றார். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் நேரா கோர்ட்டுக்குப் போகணும், மத்ததெல்லாம் சும்மா என்றார். பையன்களுக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட வேண்டும். எல்லாரும் சொன்னது ஏதோ ஒரு விதத்தில் சரிதான், ஆனால் எல்லாரும் ஒரே நோய்க்கு மருந்து சொல்லவில்லை. நாற்றம் நிற்க வேண்டுமா, அந்த ஷெட்டு மேல் வழக்கு வேண்டுமா, குழந்தைகளுக்கு ஆன வைத்தியச் செலவு திரும்ப வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு. அலைந்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டதை, அதே குழப்பத்தில் இருக்கிற வேறு தெருக்காரர்களுக்காக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் 1100. முதல்வர் உதவி மையம், காசு செலவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே வேலை முடியும், புகார் எண் கைக்கு வந்துவிடும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுப்பதும் கிட்டத்தட்ட இதே வகைதான். (மணலி, திருவொற்றியூர், மாதவரம் எல்லாம் 2018-இல் சென்னை மாவட்டத்துக்குள் வந்துவிட்டன, பழைய பழக்கத்தில் திருவள்ளூருக்குப் பஸ் ஏறாதீர்கள்.) ஆனால் இந்த இரண்டு இடமும் மாசு விஷயத்தில் தாங்களே எதையும் அளந்து பார்க்கிற இடமில்லை. உங்கள் மனுவைச் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புவார்கள், துறை சொல்லும் பதில் உங்களிடம் திரும்பும். அந்தத் துறை பெரும்பாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான். அதனால் இதை நான் தனி வழியாகவே கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. வாரியத்தில் போட்ட புகாருக்கு ஒரு துணைப் புகார், அவ்வளவுதான். ஒரு நன்மை உண்டு, தேதி பதிவாகும். தேதி எவ்வளவு முக்கியம் என்று கீழே வருகிறேன்.

அடுத்து வாரியம், அதாவது நாம் பொல்யூஷன் போர்டு என்று சொல்வது. கிண்டியில் தலைமை அலுவலகம், ஆனால் உங்களுக்கு வேண்டியது அங்கே இல்லை, உங்கள் பகுதிக்கான மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம்தான். அங்கே உள்ள உதவிப் பொறியாளர்தான் வந்து பார்ப்பவர். 1974-இன் தண்ணீர்ச் சட்டம், 1981-இன் காற்றுச் சட்டம் இரண்டின்படியும் இங்கே மாசு உண்டாக்கக்கூடிய ஆலை வாரியத்திடம் இரண்டு முறை இசைவாணை, அதாவது அனுமதி, வாங்க வேண்டும், கட்டுவதற்கு முன் ஒன்று, ஓட்டுவதற்கு முன் ஒன்று. வாரியத்தின் உண்மையான பலம் நோட்டீஸில் இல்லை, தண்ணீர்ச் சட்டத்தின் 33ஏ, காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவுகளில் இருக்கிறது. அந்த இரண்டையும் வைத்து ஒரு ஆலையை மூடச் சொல்லலாம், கரண்டையும் தண்ணீரையும் நிறுத்தச் சொல்லலாம். கோர்ட்டு, வாய்தா எதுவும் இல்லாமலே. நாற்றம் நிற்பதுதான் உங்கள் தேவை என்றால் இதைவிடச் சுருக்கு வழி கிடையாது.

சரி, குறை என்ன? வாசனையைப் பிடித்து வைக்க முடியாது. மூன்று மணிக்கு வந்த நாற்றத்துக்கு மறுநாள் பதினொரு மணிக்கு ஆள் வந்தால் அவர் என்ன செய்வார், பாவம், மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு "இப்ப ஒண்ணும் இல்லையே" என்பார். இரண்டாவது, மணலியில் ஆலைகள் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு இருக்கின்றன, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, பெட்ரோகெமிக்கல் என்று. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-இல் தொழிற்பேட்டைகளுக்கு மாசு மதிப்பெண் போட்டபோது 70-ஐத் தாண்டினாலே மிக மோசம் என்று வைத்தார்கள், மணலிக்கு 76.32 வந்தது, அதனால் 2010 ஜனவரியில் புது ஆலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் தடையே போட்டார்கள். மொத்தப் பேட்டைக்கும் மதிப்பெண் போடலாம். உங்கள் ஜன்னலுக்கு வந்த நாற்றம் எந்தப் புகைபோக்கியில் கிளம்பியது என்பது வேறு கேள்வி.

இதற்கு நாங்கள் செய்தது ஒரு 40 பக்க நோட்டு. தேதி, மணி, என்ன மாதிரி வாசனை, காற்று எந்தப் பக்கம், யார் யாருக்குக் கண் எரிந்தது. காற்றுத் திசைக்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம், மொட்டை மாடிக் கொடியில் காயும் லுங்கி போதும். அதோடு மணலியிலும் கொடுங்கையூரிலும் காற்றை அளக்கும் தானியங்கி நிலையங்கள் இருக்கின்றன, அந்த அளவுகளை மத்திய வாரியத்தின் சமீர் செயலியில் பார்க்கலாம், அந்த நேரத்துப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தோம். ஆனால் அந்தக் காற்றுத் தரக் குறியீட்டை மட்டும் நம்பாதீர்கள். அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கலாம், குறியீட்டுக் கணக்கிலேயே அது கிடையாது. குறியீடு பச்சையில் இருக்கும்போதே வாந்தி எடுத்தவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

இன்னொரு தப்பு எல்லாரும் செய்வது, நாங்களும் செய்தோம். வடிகாலில் ஓடிய காவித் தண்ணீரைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வைத்துச் சாட்சி என்று நினைத்தோம். தண்ணீர்ச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் படித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வாரிய அதிகாரி ஆலைக்காரருக்குச் சொல்லிவிட்டு, மாதிரியை எடுத்து, இரண்டாகப் பிரித்து, சீல் வைத்துப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினால்தான் அந்தச் சட்டத்தின்படி வழக்கில் நிற்கும். நம் பாட்டில் அதிகாரியை வரவழைக்க உதவும், அதற்கு மேல் கிடையாது. தேதியோடு எடுத்த வீடியோ அதைவிட உபயோகம்.

மூன்றாவது தகவல் உரிமை மனு. இதைப் போய் ஒரு வழி என்கிறாயே என்று மின்வாரிய அண்ணன் சிரித்தார். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே நல்ல 10 ரூபாய்ச் செலவு இதுதான், கோர்ட்டுக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் "அந்த ஆலை மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "விதிகளின்படி" என்று ஒரு வரியில் முடித்துவிட முடியும். நகல் கேளுங்கள். இயங்குவதற்கான இசைவாணையின் நகல், அதன் நிபந்தனைகளோடு. கடந்த இரண்டு வருட ஆய்வறிக்கைகள். எடுத்த மாதிரிகளின் முடிவுகள். அனுப்பிய நோட்டீஸ்கள். இசைவாணை வாங்க வேண்டிய ஆலை வருடா வருடம் செப்டம்பர் 30-க்குள் படிவம் 5-இல் ஒரு சுற்றுச்சூழல் அறிக்கை கொடுக்க வேண்டும், அதையும் கேளுங்கள். அதில்தான் எவ்வளவு தண்ணீர் எடுத்தார்கள், எவ்வளவு கச்சாப் பொருள் செலவு, எவ்வளவு கழிவு, மாசைக் குறைக்க என்ன முதலீடு என்று அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். எடுத்த தண்ணீருக்கும் வெளியே விட்டதாகச் சொல்லும் தண்ணீருக்கும் கணக்கு உதைத்தால் அங்கேயே உங்கள் வழக்கு பாதி எழுதியாகிவிட்டது.

டிரம் கழுவும் வேலைக்கு இன்னொன்றும் உண்டு. 2016-இன் அபாயகரக் கழிவு விதிகளில், முதல் அட்டவணையில், ரசாயனம் பட்ட காலி டிரம்களையே அபாயகரக் கழிவு என்று சேர்த்திருக்கிறார்கள். அதைக் கையாள வாரியத்தின் தனி அங்கீகாரம் வேண்டும். நாங்கள் அந்த ஷெட்டின் கதவு எண்ணைப் போட்டு இசைவாணையும் அங்கீகாரமும் கேட்டோம். அந்த முகவரிக்கு எதுவும் வழங்கப்பட்டதாகக் கோப்பில் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அந்த இரண்டு வரிதான் எல்லாவற்றையும் மாற்றியது. அதுவரை நாங்கள் "நாற்றம் அடிக்கிறது" என்று முறையிட்டுக்கொண்டிருந்தோம், அதன் பிறகு "அனுமதி இல்லாமல் ஓடுகிறது" என்று எழுதினோம். முதலாவதை மூக்கை வைத்து மறுக்கலாம். இரண்டாவதை மறுக்க அவர்கள் ஒரு காகிதத்தைக் காட்டியாக வேண்டும்.

மனு போட்டால் யார் போட்டது என்று தெரிந்துவிடாதா என்று கேட்பார்கள். தெரிந்துவிடும். எங்கள் விஷயத்தில் மனுவில் யார் பெயர் என்பது ஷெட்டுக்காரருக்கு எப்படியோ போய்ச் சேர்ந்து, அவர் ஸ்வீட் பாக்ஸோடு ஒரு வீட்டுக்கு வந்தார். ஸ்வீட்டை வாங்கவில்லை, மறுவாரம் குரல் மாறியது. அதனால் தனி ஆள் பெயரில் போடாமல் முப்பது நாற்பது கையெழுத்தோடு போடுங்கள், தகவல் உரிமை மனுவை மட்டும் வேறு பகுதியில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது போடட்டும். எந்தக் குடிமகனும் போடலாம். அப்புறம், எதைக் கொடுத்தாலும் நகலில் முத்திரை வாங்குங்கள், இல்லாவிட்டால் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்ட். ஓர் அலுவலகத்தில், எது என்று வேண்டாம், எங்கள் முதல் மனு வந்ததாகவே பதிவில் இல்லை.

நான்காவது மாநகராட்சி. மாசு என்றதும் இவர்கள் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை, ஆனால் சின்னப் பட்டறை, குடியிருப்புக்கு நடுவே, தொழில் உரிமம் இல்லாமல் ஓடுகிறது என்றால் மண்டல அலுவலகம்தான் வேகமான இடம். உரிமம் இல்லையா, சீல். மழைநீர் வடிகாலில் கழிவை விட்டால் அதுவும் அவர்கள் பொருள்தான். மூக்கு, மாதிரி, பரிசோதனைக் கூடம் எதுவும் தேவையில்லை. திருவொற்றியூர் 1-ஆம் மண்டலம், மணலி 2, மாதவரம் 3, தண்டையார்பேட்டை 4, ராயபுரம் 5. கவுன்சிலர் கூட வந்தால் இன்னும் சுருக்கு, ஷெட்டுக்காரரும் அவருக்கு வேண்டியவராக இல்லாதவரை. ஆனால் பெரிய ஆலை என்றால் மாநகராட்சியிடம் போவதில் அர்த்தமில்லை, அங்கே அவர்கள் கை நீளாது.

கோட்டாட்சியரிடம் போகலாம் என்றும் ஒருவர் சொன்னார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133 என்று இருந்த பிரிவு 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தில் 152 ஆகிவிட்டது. பொதுத் தொல்லையை நீக்கச் சொல்லி, கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் நிபந்தனை உத்தரவு போடலாம். செலவில்லாத வழிதான், ஊர்ப்பக்கம் செங்கல் சூளை, கோழிப் பண்ணைக்கெல்லாம் நன்றாகப் பயன்படும். யார் தொல்லை தருகிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குச் சரி. மூன்று மணி நாற்றத்துக்கு ஆகாது.

இப்போது பெரிய இடம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2010-இல் வந்தது, தென் மண்டல அமர்வு நம் சேப்பாக்கத்திலேயே, கலச மகாலில். தமிழ்நாட்டின் வேறு மூலையில் இருப்பவர்கள் நம்மைப் பார்த்துப் பொறாமைப்படலாம். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். நீதிபதியோடு துறை நிபுணர் ஒருவரும் உட்காருவதால் சல்ஃபைடு என்றால் என்ன என்று அங்கே பாடம் எடுக்க வேண்டியதில்லை. முக்கியமாக, பாதிக்கப்பட்டவனுக்கு இழப்பீடு வாங்கித் தரும் அதிகாரம் இதற்கு உண்டு. வாரியம் ஆலையிடம் சுற்றுச்சூழல் இழப்பீடு வசூலித்தாலும் அது உங்கள் கைக்கு வராது.

ஆனால் பெரிய சம்பவங்களைப் பார்த்துவிட்டு நம் தெருக் கணக்கைப் போடக்கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை போனது. அதே மாதம் 26-ஆம் தேதி நடுராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்குள் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடினார்கள். இரண்டையும் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்தது. தானாக எடுக்கும் அதிகாரம் அதற்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் உறுதி செய்திருக்கிறது. எங்கள் மூன்று மணி நாற்றம் எந்தப் பேப்பரிலும் வரவில்லை, வரவும் வராது. நாம்தான் மனு போட வேண்டும்.

மனு போட்டதும் தீர்ப்பாயம் பெரும்பாலும் செய்வது ஒரு கூட்டுக் குழு போடுவது. அதில் யார்? மாநில வாரியம், மத்திய வாரியம், கலெக்டரின் ஆள். அதாவது சுற்றிச் சுற்றி மறுபடி அதே உதவிப் பொறியாளர் வந்து நிற்பார், இந்த முறை ஒரு உத்தரவோடு. இதை நக்கலுக்குச் சொல்லவில்லை. உத்தரவு இருந்தால் அவருக்கே ஆலைக்குள் தைரியமாக நுழைய முடியும். ஆனால் வாரியத்தில் புகாரே போடாமல், எந்தக் காகிதமும் இல்லாமல் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போனால் முதல் கேள்வியே "வாரியத்திடம் சொன்னீர்களா" என்றுதான் வரும். மின்வாரிய அண்ணனின் யோசனையை நான் ஒத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம், கோர்ட்டு பிடிக்காமல் இல்லை.

இங்கேதான் தேதி. தீர்ப்பாயச் சட்டம் 14-ஆம் பிரிவின்படி பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள். இழப்பீட்டுக்கு 5 வருடம். நாற்றம் தினமும் வருகிறதே, தினமும் புதுப் பிரச்சினைதானே என்று வாதாடலாம், ஆனால் வாதாடிப் பார்க்கலாம் என்று நாளைக் கடத்துவது நல்லதல்ல. நிறையத் தெருக்கள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. 1100-இல் இரண்டு மாதம், மனுவில் மூன்று மாதம், ஆள் வருவார் வருவார் என்று இன்னும் இரண்டு மாதம், போச்சு.

செலவைப் பற்றிப் பயப்படுபவர்களுக்கு ஒன்று. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், 1987-இன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி இலவச வக்கீல் கேட்கும் உரிமை உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிலாளர்களுக்கும்தான். 15100-க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். ஆகவே மனுதாரராகத் தெருத் தலைவரைப் போடாதீர்கள், மாடி வீட்டு அக்காவைப் போடுங்கள்.

உயர் நீதிமன்றத்தை நான் இந்த வரிசையில் கடைசியில் வைக்கிறேன். அதன் அதிகாரம் பெரிது, ஆனால் வெறும் மாசு வழக்கென்றால் தீர்ப்பாயம் இருக்கிறதே என்பார்கள், வக்கீல் இல்லாமல் சமாளிப்பதும் கஷ்டம். வாரியம் உத்தரவு போட்டும் யாரும் நிறைவேற்றவில்லை என்கிற மாதிரி விஷயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மறியல் பற்றி: அம்மோனியா ராத்திரிக்குப் பிறகு அந்தப் பக்கத்து ஜனங்கள் உட்கார்ந்ததில் நியாயம் இருந்தது, ஊரே வந்தது, அரசாங்கம் வந்தது. முப்பது வீட்டுக்காரர்கள் உட்கார்ந்தால் வழக்குதான் வரும், அதுவும் வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருக்கும் பையன்கள் பெயரில். நாங்கள் வேண்டாம் என்று முடிவு செய்தோம், இன்னும் அதில் கொஞ்சம் கோபம் இருக்கிறது அவர்களுக்கு.

கடைசியில் எங்கள் தெரு எடுத்த முடிவு இரண்டு நாற்றத்துக்கும் இரண்டு வழி. டிரம் ஷெட்டுக்குத் தகவல் உரிமைப் பதிலைப் பின் குத்தி, வாரியத்துக்கும் மண்டல அலுவலகத்துக்கும் ஒரே நாளில் மனு. வாரியத்திலிருந்து விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது, அப்புறம் கரண்ட் துண்டிக்கப்பட்டது, எல்லாம் சேர்த்து ஐந்து மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஷெட்டுக்காரர் டிரம்களை இரண்டு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். மாதவரம் தாண்டி எங்கேயோ என்று கேள்வி. அந்தத் தெருக்காரர்கள் இதைப் படித்தால் கதவு எண்ணைக் குறித்துக்கொண்டு 10 ரூபாய் வில்லையோடு தொடங்கட்டும்.

மூன்று மணி நாற்றத்துக்குச் சுருக்கு வழி இல்லை. நாற்றம் வந்த ராத்திரிகளில் காற்று மேற்கிலிருந்து வந்தது, அதனால் எங்கள் வீட்டுக்கு நேர் மேற்கே இருக்கும் மூன்று ஆலைகளின் இசைவாணையும் படிவம் 5-உம் கேட்டு மூன்று மனு போட்டாயிற்று, நோட்டின் நகலோடு வாரியத்திலும் புகார் பதிவாயிற்று. பெரிய புகைபோக்கிகளில் நேரத்துக்கு நேரம் அளவைப் பதிந்து வாரியத்துக்கு அனுப்பும் கருவி இருக்க வேண்டும், நோட்டில் உள்ள அந்தந்த ராத்திரிகளின் இரண்டு மணி முதல் நான்கு மணி வரையிலான பதிவைத் தனியாகக் கேட்டிருக்கிறோம். நோட்டின் முதல் பக்கத் தேதி பிப்ரவரி 9. அக்கா வீட்டுக் காலண்டரில் ஆகஸ்ட் 8-ஐச் சுற்றி சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறது, கீழே அவர் கையெழுத்தில் "கலச மகால்" என்று.